வயலை இழக்காமல் வீடு கட்டுவது எப்படி?

நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் விவசாயக் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு வீட்டைப் பற்றியதாகும். ஓலைக் கூரையும் மண் சுவரும் ஒவ்வோர் ஐப்பசியிலும் தரும் தொல்லையை அனுபவித்தவர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் கடைக்கால் தோண்டிவிட நினைப்பது இயற்கையே. ஆனால் சுவர் எழும்பியும் கூரை எழும்பாமல் நிற்கும் வீடுகள் இல்லாத கிராமம் அரிது. துருவேறிய கம்பிகள் வானைப் பார்த்து நிற்க, உரிமையாளர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். சில இடங்களில் வீட்டை முடிப்பதற்காகக் கிணற்றடி நிலமே கைமாறியிருக்கும். சோறு போடும் நிலத்தை இழந்து பெற்ற வீடு குடும்பத்தை உயர்த்தாது.

இந்நிலைக்குப் பொருள்களின் விலை ஏற்றம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கணக்குப் போடாமல் தொடங்குவதாகும். விதைப்பதற்கு முன் கிணற்றில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கும் விவசாயி, வீடு கட்டும்போது மட்டும் அந்த எச்சரிக்கையைக் கைவிடுவது சரியாகாது. தன் சக்திக்கு எத்தனை சதுர அடி, அதற்கான பணம் எங்கிருந்து, எந்த மாதத்தில் எந்த வேலை என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

முதல் வேலை: மிச்சக் கணக்கு

விவசாய வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. ஓராண்டு நிறையும், மறு ஆண்டு மழை பொய்க்கும். எனவே நல்ல ஆண்டின் வருமானத்தை மட்டும் வைத்துக் கடன் வாங்குவது ஆபத்தானது. கடந்த 5 ஆண்டுகளில் சாகுபடிச் செலவு, குடும்பச் செலவு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், நல்லது கெட்டது எல்லாம் போக ஒவ்வோர் ஆண்டும் மிஞ்சியது எவ்வளவு என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2 ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் 2 கறவை மாடுகளும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் அதன் மிச்சம் ரூ.1,20,000, ரூ.95,000, ரூ.30,000, ரூ.1,10,000, ரூ.80,000 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ரூ.4,35,000. ஆண்டுச் சராசரி ரூ.87,000. மூன்றாம் ஆண்டு வறட்சி ஆண்டு. அதில் கிடைத்தது ரூ.30,000 மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் மறக்கக் கூடாது. சராசரி எண் எவ்வளவு கடன் தாங்கும் என்பதைக் காட்டும். வறட்சி ஆண்டின் எண் எவ்வளவு பணத்தைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்பதைக் காட்டும்.

ஆண்டுத் தவணை சராசரி மிச்சத்தில் ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ரூ.3 லட்சத்தை 10 சத வட்டியில் வாங்கி 10 ஆண்டுகளில் சம தவணையாகக் கட்டினால், ஆண்டுத் தவணை ஏறத்தாழ ரூ.48,800 ஆகும். மேற்சொன்ன குடும்பம் இதைத் தாங்கும். வறட்சி ஆண்டில் ரூ.19,000 அளவுக்குப் பற்றாக்குறை வரும். அதற்காக ஒரு தவணைப் பணமான ரூ.50,000-ஐத் தொடாமல் வைப்புத் தொகையாகப் போட்டுவைக்க வேண்டும். பம்புசெட் மோட்டாருக்கு ஒரு பழுது நிதி வைப்பதைப் போன்றது இது.

எத்தனை சதுர அடி?

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பது வீட்டுக்கும் பொருந்தும். இக்குடும்பத்திடம் சேமிப்பு ரூ.4 லட்சம் இருக்கிறது. கையிருப்பாக ரூ.50,000 ஒதுக்கியது போக ரூ.3,50,000 வீட்டுக்கு வரும். வங்கிக் கடன் ரூ.3 லட்சம். பழைய வீட்டின் ஓடு, மரம், கதவு, சொந்த நிலத்துக் கல், குடும்பத்தார் உழைப்பு ஆகியவற்றின் மதிப்பு ரூ.1 லட்சம். ஆக மொத்தம் ரூ.7,50,000.

கட்டுமானச் செலவு ஊருக்கு ஊர் மாறும். அவரவர் ஊரில் அண்மையில் வீடு முடித்த இரண்டு மூன்று பேரிடம் உண்மைச் செலவைக் கேட்டறிவதே சிறந்த வழி. சதுர அடிக்கு ரூ.2,000 என்று கொண்டு, எதிர்பாராச் செலவுக்கு 10 சதம் சேர்த்தால் ரூ.2,200 ஆகிறது. ரூ.7,50,000-ஐ இதால் வகுத்தால் 340 சதுர அடி கிடைக்கிறது. இக்குடும்பத்தின் சக்தி 340 சதுர அடியே.

இதே குடும்பம் பக்கத்து வீட்டைப் பார்த்து 600 சதுர அடிக்குக் கடைக்கால் போட்டால் என்ன ஆகும்? தேவைப்படும் பணம் ரூ.13,20,000. கையில் உள்ளது ரூ.7,50,000. பற்றாக்குறை ரூ.5,70,000. பாதி வீட்டில் நிற்கும்போது இதைத் தனியாரிடம் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாத வட்டி மட்டும் ரூ.17,100, ஆண்டுக்கு ரூ.2,05,200. சராசரி மிச்சமோ ரூ.87,000. இந்த வட்டியை இரண்டு ஏக்கர் நிலத்தின் விளைச்சலால் கட்ட இயலாது; அந்த இரண்டு ஏக்கர் நிலத்தையே விற்றுத்தான் கட்ட வேண்டிவரும். வீட்டால் நிலம் பறிபோவது இவ்வாறுதான்.

"மூன்று வட்டி" என்று சொல்லும்போது சிறியதாகத் தோன்றும். அது ஆண்டுக்கு 36 சதம் ஆகும். அசலில் ஒரு பைசாவும் குறையாமல், 2 ஆண்டு 10 மாதங்களில் வட்டியே அசலை எட்டிவிடும்.

340 சதுர அடியில் 10 அடிக்கு 12 அடி கூடம், 10 அடிக்கு 9 அடி அறை, 7 அடிக்கு 8 அடி சமையலறை, குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த 4 அடிக்கு 7 அடி இடம் ஆகியவற்றைச் சுவர்களோடு சேர்த்து அமைத்துவிடலாம். பிற்காலத்தில் ஓர் அறை சேர்க்கும் வகையில் ஒரு பக்கம் காலியிடம் விட்டு, அந்தப் பக்கச் சுவரில் பின்னர் வாசலாக மாற்றக்கூடிய இடத்தில் சன்னலை வைத்துக்கொள்ளலாம். முழுமையாக முடித்துக் குடியேறிய சிறிய வீடு, முடியாமல் நிற்கும் பெரிய வீட்டைவிட மேலானது.

பணம் எங்கிருந்து?

அரசு உதவி கிடைக்குமா என்பதை முதலில் அறிய வேண்டும். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ரூ.1,20,000-மும், மலைப் பகுதிக்கு ரூ.1,30,000-மும் அடிப்படை உதவியாக நிர்ணயிக்கப்பட்டன. வீடு 25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. 2024-ல் இத்திட்டம் 2028-29 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் 2.5 ஏக்கரும் அதற்கு மேலும் பாசன நிலம் உடையவர்களும், ரூ.50,000-மும் அதற்கு மேலும் வரம்புள்ள கிசான் கடன் அட்டை வைத்திருப்பவர்களும் இதில் தகுதி பெறுவதில்லை. குடிசையில் வாழ்வோருக்காகத் தமிழக அரசு 2024 நிதிநிலை அறிக்கையில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. அதில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3,50,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடும் விதியும் மாறக்கூடும் என்பதால், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்து, கிராம சபையில் பட்டியல் படிக்கப்படும்போது தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். உதவித் தொகை வேலையின் நிலைக்கு ஏற்பத் தவணைகளாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். இடையில் யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மேற்சொன்ன குடும்பத்துக்கு ரூ.3,50,000 உதவி கிடைக்குமானால், தன் சேமிப்பு ரூ.3,50,000, பொருளும் உழைப்பும் ரூ.1 லட்சம் ஆகியவற்றுடன் மொத்தம் ரூ.8 லட்சம் ஆகிறது. 360 சதுர அடிக்குத் தேவை ரூ.7,92,000. அதாவது கடனே இல்லாமல் வீடு முடிந்துவிடும். உதவி கிடைத்ததைக் கொண்டு வீட்டைப் பெரிதாக்காமல், கடனைச் சிறிதாக்குவதே அறிவுடைமை.

உதவி கிடைக்காதவர்கள் வங்கியையோ கூட்டுறவு நிறுவனத்தையோ நாட வேண்டும். ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதம் வரை கடன் தர ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. இது வங்கி தரக்கூடிய உச்ச அளவே தவிர, விவசாயி வாங்க வேண்டிய அளவன்று. வாங்க வேண்டிய அளவை மிச்சக் கணக்குதான் சொல்லும்.

கடன் கேட்கும்போது நான்கு செய்திகளைத் தெளிவாகக் கேட்க வேண்டும். முதலாவது, வட்டி மாறும் வட்டியா, மாறா வட்டியா? மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி. நல்ல விளைச்சல் ஆண்டில் கூடுதலாகக் கட்ட விரும்பும் விவசாயிக்கு இது பயன்படும். இரண்டாவது, அறுவடையை ஒட்டி அரையாண்டு அல்லது ஆண்டுத் தவணையாகக் கட்ட முடியுமா? பால் வருமானம் உள்ளவர்கள் மாதத் தவணையையே தேர்ந்தெடுக்கலாம். ரூ.3 லட்சத்துக்கு 10 சத வட்டியில் 10 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் ரூ.3,965 ஆகும். மூன்றாவது, ஆய்வுக் கட்டணம், சட்ட ஆலோசகர் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து எவ்வளவு? நான்காவது, கடன் எத்தனை தவணைகளாக விடுவிக்கப்படும்? எடுத்த பணத்துக்கு மட்டுமே வட்டி என்பதால், சொந்தப் பணத்தை முதலில் செலவிட்டு, கடைக்காலும் சுவரும் முடிந்த பின் கடன் தவணையைப் பெறுவது வட்டியைக் குறைக்கும்.

தவணைக் காலம் நீண்டால் சுமை குறைவதுபோல் தோன்றும். மேற்படி ரூ.3 லட்சத்தை 10 ஆண்டுகளில் கட்டினால் மொத்தம் சுமார் ரூ.4,75,700 செலுத்த நேரும். 5 ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை சுமார் ரூ.6,375 ஆகும்; ஆனால் மொத்தம் சுமார் ரூ.3,82,500-தான். நீண்ட காலத் தவணையை ஏற்றுக்கொண்டு, நல்ல ஆண்டுகளில் அசலைக் கூடுதலாகக் குறைப்பது விவசாயிக்கு ஏற்ற நடுவழியாகும்.

கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும் என்றும், தன் பக்கத்தில் தாமதம் செய்தால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இதை அறிந்திருப்பது நல்லது.

செய்யக் கூடாதவை

பயிர்க் கடனை வீட்டுக்குத் திருப்பக் கூடாது. தமிழகத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தும் பயிர்க் கடனுக்கு வட்டிச் சலுகை உண்டு. அப்பணம் செங்கல்லாக மாறிவிட்டால் உரிய காலத்தில் கட்ட முடியாது. சலுகையும் போகும், அடுத்த போகத்துக்கு உரம் வாங்கக் கடைக்காரரிடம் கடன் சொல்ல நேரும். கிசான் கடன் அட்டையில் குடும்பத் தேவைக்கென்று சேர்க்கப்படுவது பயிர்ச் செலவுத் தொகையில் 10 சதம் மட்டுமே. அது வீடு கட்டப் போதாது.

விளைநிலத்தை அடமானம் வைத்து வீட்டுக் கடன் பெறுவதைத் தவிர்க்க வேண்டும். கட்டும் மனையும் வீடுமே ஈடாக இருக்கட்டும். கறவை மாட்டை விற்று வீட்டில் போடுவதும் தவறு. தவணை கட்டப் பணம் தருவது அந்த மாடே. நகைக் கடன், கூரை போடும் நேரத்தில் இரண்டு மூன்று மாதப் பற்றாக்குறையைச் சமாளிக்க மட்டுமே ஏற்றது.

மனையும் பத்திரமும்

பணத்துக்கு முன் மனை சுத்தமாக இருக்க வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் ஒரே பெயரிலும் ஒரே அளவிலும் பொருந்தி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் உள்ள மனையில் பங்காளிகளின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பிக் கட்டக் கூடாது. முதலில் பாகப்பிரிவினை செய்து, உட்பிரிவு அளந்து, தனிப் பட்டா பெற்றுவிட வேண்டும். பாதி கட்டிய வீட்டில் எல்லைத் தகராறு வந்தால் வங்கியும் அடுத்த தவணையை நிறுத்திவிடும். நஞ்சை நிலத்தில் உரிய ஒப்புதல் இன்றி வீடு எழுப்பக் கூடாது. நீர்வழிப் புறம்போக்கு, ஏரி உள்வாய், வாய்க்கால் கரை ஆகியவற்றை அறவே ஒதுக்க வேண்டும்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி பெறும் வசதியைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. ஊராட்சிச் செயலரை அணுகி விவரம் பெறலாம். இயன்றவரை மனையையும் வீட்டையும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைத்துக்கொள்வது குடும்பத்துக்குப் பாதுகாப்பாகும்.

மண்ணுக்கேற்ற கடைக்கால்

மண்ணை அறிந்து பயிர் செய்வதுபோல், மண்ணை அறிந்து கடைக்கால் போட வேண்டும். சரளை, செம்மண் நிலங்களில் சிறிய வீட்டுக்கு 3 அடி முதல் 4 அடி ஆழத்தில் கெட்டித் தரை கிடைத்துவிடும். கரிசல் மண்ணின் தன்மை வேறு. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பு செல்லும் ஆழத்துக்குக் கீழே கடைக்கால் இறங்காவிட்டால், மூன்றாம் ஆண்டே சுவர் மூலைகளில் சாய்வாக விரிசல் விழும். கரிசல் பகுதியினர் பொறியாளரின் யோசனை பெற்று, ஆழமான குழிகளில் அடி அகன்ற கான்கிரீட் தூண்கள் இறக்கி, அவற்றின் மேல் விட்டம் ஓட்டிச் சுவர் எழுப்பலாம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்கென்று வகுத்துத் தந்த முறை இது. இதற்கு ஆகும் கூடுதல் செலவைத் தரை ஓட்டிலும் வண்ணப்பூச்சிலும் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். பூச்சைப் பிறகு மாற்றலாம். கடைக்காலை மாற்ற முடியாது.

பேஸ்மட்டம் சுற்றுப்புறத் தரையைவிட 1½ அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்த பகுதிகளில், பெரியவர்கள் நினைவில் உள்ள உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே வர வேண்டும். தரை போடுவதற்கு முன்பே பரிந்துரைக்கப்பட்ட மருந்தைக் கொண்டு கறையான் தடுப்புச் செய்துவிட வேண்டும். கடலோர மாவட்டங்களில் லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் தொடர்ச்சியாகக் கான்கிரீட் பட்டை ஓட்டுவது அவசியம். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்கள் பட்ட துன்பம் இதன் தேவையை உணர்த்தும்.

சிக்கனம் எங்கே?

சுவரில் சிக்கனம் செய்யப் பல வழிகள் உள்ளன. செங்கல்லைக் குத்துக்காலாக வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் நான்கில் ஒரு பங்கு வரை செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் இருப்பதால் வெயிலும் குறைவாகவே உள்ளே இறங்கும். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) இம்முறையை ஏழை எளியவர்களின் வீடுகளில் பரப்பினார். கொத்தனாருக்குப் பழக்கம் இருந்தால் மட்டுமே இதை மேற்கொள்ள வேண்டும்.

சொந்த மண்ணில் 5 சத அளவு சிமெண்டு கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கட்டிகள் மற்றொரு வழி. ஆரோவில் மண் கட்டடக் கழகம் இதில் நெடுநாள் அனுபவம் பெற்றுள்ளது. ஏறத்தாழ 15 பங்கு சரளை, 50 பங்கு மணல், 15 பங்கு வண்டல், 20 பங்கு களி உள்ள மண் இதற்கு ஏற்றது. இதற்கு மேல்மண்ணை எடுக்கக் கூடாது; மட்கு நிறைந்த மேல்மண் கட்டிக்கு ஆகாது, பயிருக்கே உரியது. முக்கால் அடி முதல் ஓர் அடி வரை மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்து, பின்னர் மேல்மண்ணைத் திரும்பப் பரப்பிவிட வேண்டும்.

சிக்கனம் செய்யக் கூடாத இடங்கள் மூன்று: கடைக்கால், கூரைக் கம்பி, தண்ணீர் கட்டுதல்.

பொருள் வாங்கும்போது

செங்கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மூன்றடி உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. 3 கிலோ எடையுள்ள கல்லை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து நிறுத்தால் 3.6 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மணலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி அளவு போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் வைத்தால் மேலே வண்டல் படியும். அது 100-க்கு 8 பங்கைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம்.

கம்பியை எண்ணிக்கையால் வாங்காமல் எடையால் வாங்க வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளம் 4.74 கிலோ இருக்க வேண்டும், 10 மி.மீ. கம்பி 7.4 கிலோ இருக்க வேண்டும். இதைவிட மிகவும் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று பொருள்.

சிமெண்டை மொத்தமாக வாங்கி அடுக்கக் கூடாது. மூன்று மாதம் கிடந்தால் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். உர மூட்டையை வைப்பதுபோலப் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்க வேண்டும்.

காலமும் கட்டங்களும்

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. எனவே தை அறுவடை முடிந்ததும் கடைக்கால், மாசி பங்குனியில் சுவர், சித்திரை வைகாசியில் கூரை, ஆவணிக்குள் பூச்சு என்று திட்டமிடலாம். பணமும் ஆளும் கிடைக்கும் காலம் இதுவே. கோடையில் தண்ணீர் கட்டக் கிணற்றில் நீர் இருக்குமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

340 சதுர அடி வீட்டுக்கு ஆகும் ரூ.6,80,000-ஐ ஏறத்தாழக் கீழ்க்கண்டவாறு பிரிக்கலாம்.

கடைக்காலும் பேஸ்மட்டமும் (18 சதம்) – ரூ.1,22,400
சுவரும் லிண்டலும் (22 சதம்) – ரூ.1,49,600
கூரைத் தளம் (22 சதம்) – ரூ.1,49,600
பூச்சும் தரையும் (16 சதம்) – ரூ.1,08,800
கதவு, சன்னல் (10 சதம்) – ரூ.68,000
மின்சாரம், குடிநீர், கழிப்பறை (12 சதம்) – ரூ.81,600

எதிர்பாராச் செலவு ரூ.68,000 தனி. ஒரு கட்டத்துக்கான பணம் முழுதும் கையில் இல்லாமல் அக்கட்டத்தைத் தொடங்கக் கூடாது. சிறப்பாக, கூரைக்கான பணம் உறுதியாகாமல் சுவரை எழுப்பக் கூடாது. பேஸ்மட்டத்தோடு ஓராண்டு நின்றால் நட்டமில்லை. மண் படிந்து கெட்டிப்படும். கூரையில்லாச் சுவர் ஒரு மழைக்காலம் நனைந்தால் நட்டம் மிகுதி.

மேஸ்திரியுடன் பேசிய கூலி, வேலையின் அளவு, கலவை விகிதம், பணம் தரும் கட்டங்கள் ஆகியவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். முன்பணம் சிறிதாகவும், பாக்கி வேலை முடிந்த பின்னும் தரப்பட வேண்டும். வந்த பொருள், கொடுத்த பணம் எல்லாவற்றையும் அன்றன்றே நோட்டில் குறிப்பது வீட்டுப் பெண்களின் பொறுப்பில் இருந்தால் கணக்கு தவறாது.

கூரையும் தண்ணீரும்

340 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் போடச் சுமார் 4 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்னும் கலவைக்கு 32 மூட்டை சிமெண்டு தேவை. மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்ற அனுமதிக்கக் கூடாது. கலவை இளகினால் ஆட்களுக்கு வேலை எளிது. தளமோ வலிமை இழக்கும்.

தளம் போட்ட மறுநாளே நெல் வயல்போல் பாத்தி கட்டி நீர் தேக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாட்களுக்குக் குறையாமல் ஈரம் காய விடக் கூடாது. நடவுக்குப் பின் நீர் காட்டாத வயல் எப்படியோ, அப்படித்தான் நீர் காட்டாத தளமும். இதற்குப் பணம் செலவில்லை. கவனம் மட்டுமே செலவு. முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்காமல் 14 நாட்கள் விட்டுவைப்பது பாதுகாப்பு.

தளத்தின் மேல் நெல், நிலக்கடலை, மிளகாய் ஆகியவற்றை மெல்லியதாகப் பரப்பி உலர்த்தலாம். ஆனால் மூட்டைகளை அங்கே அடுக்கக் கூடாது. இத்தகைய தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரத்துக்கே வடிவமைக்கப்படுகிறது.

தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை முதலிலேயே அமைத்துவிட வேண்டும். 10 மி.மீ. மழை பெய்தால் இக்கூரையிலிருந்து 300 லிட்டர் நீர் கிடைக்கும். கழிப்பறைக்கு இரண்டு குழிகள் வெட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறை சிறந்தது. ஒரு குழி நிறைந்ததும் மூடி ஓரிரு ஆண்டுகள் விட்டால் உள்ளே இருப்பது மட்கி உரமாகும். குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையும் எருக்குழியும் வீட்டுச் சுவரை ஒட்டி அமையக் கூடாது.

இந்த ஆண்டே கட்ட இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முதலாண்டில் பட்டாவையும் எல்லையையும் சரிசெய்யலாம். ஒவ்வோர் அறுவடையிலும் ஒரு பகுதியை வைப்புத் தொகையாக ஒதுக்கலாம். கல்லும் மரமும் சேர்க்கலாம். வரப்போரத்தில் நடும் வேம்பும் பூவரசும் நாளைய கதவுக்கு மரம் தரும். வரும் அறுவடை முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக் குடும்பத்தோடு அமர்ந்து ஐந்தாண்டு மிச்சக் கணக்கை எழுதிப் பார்த்தால், எத்தனை சதுர அடி, எவ்வளவு கடன், எந்தத் தையில் தொடக்கம் என்பவை தாமே விளங்கும். அந்தக் கணக்குக்குள் அடங்கும் வீட்டைக் கட்டும் சிறு விவசாயிகள், வீட்டோடு வயலையும் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல முடியும்.